புண் ஆறும்போது புற்று போலத் தெரிவது ஏன்?

இரைப்பையின் உட்புறம் கசக்கிப் போட்ட துணி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். எண்டோஸ்கோப்பி செய்யும்போது குழாய் வழியாகக் காற்றைச் செலுத்தினால் இரைப்பை உப்பி, மடிப்புகள் படிந்துவிடும். சிலருக்கு மட்டும் அவை விரல் பருமனுக்குத் தடித்து, படியாமல் நிற்கும். புற்றுநோயோ என்ற சந்தேகம் உடனே வரும். வருவதும் நியாயம்தான்: லினைட்டிஸ் பிளாஸ்டிகா என்ற வகைப் புற்றுநோய் சுவருக்குள்ளேயே பரவி, இரைப்பையைத் தோல்பை போல விறைக்க வைத்துவிடும்.

ஆனால் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியால் வரும் அழற்சியிலும் மடிப்புகள் இப்படி வீங்குவதுண்டு. பிரெஞ்சு மருத்துவர் பியர் மெனெட்ரியே 1888-இல் விவரித்த அரிய நோயிலும் அப்படித்தான். அதில் சளி சுரக்கும் செல்கள் பெருகி, ரத்தப் புரதம் இரைப்பைக்குள் கசிந்து, காலெல்லாம் வீங்கும்.

சரி, ஒரு துணுக்கைக் கிள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடாதா? அங்கேயும் சிக்கல்தான். அழற்சியில் அழிந்த செல்களுக்குப் பதில் புதியவை அவசர அவசரமாகப் பிறக்கின்றன. அவற்றின் உட்கரு பெரிதாக, சாயம் ஏறிக் கருத்திருக்கும். பிரிந்துகொண்டிருக்கும் செல்களும் நிறையத் தென்படும். புற்றுநோய்க்கு முந்திய நிலையிலும் ஏறக்குறைய இதே காட்சிதான். அதனால் நோயியல் மருத்துவர் தனிச் செல்லைப் பார்த்து முடிவு சொல்வதில்லை, வரிசையைப் பார்ப்பார். இரைப்பையின் உட்சுவரில் உள்ள நுண்ணிய குழிகளின் ஆழத்தில் பிறக்கும் செல் மேலே நகர நகர முதிர வேண்டும். மேற்பரப்பை எட்டும்போது உட்கரு சிறுத்து, சளி நிரம்பியிருந்தால் அது பெரும்பாலும் பழுதுபார்க்கும் வேலை. மேல்வரை அதே பெரிய, கருத்த உட்கருவே தொடர்ந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

தலைகீழான தவறும் நடக்கும். இடுக்கி எடுப்பது சில மில்லிமீட்டர் துணுக்கு. லினைட்டிஸ் பிளாஸ்டிகா அதற்கும் கீழே பதுங்கியிருந்தால், ‘வெறும் அழற்சி’ என்று அறிக்கை வந்துவிடும். என்னைக் கேட்டால் இதுதான் கூடுதல் ஆபத்து. எண்டோஸ்கோப்பி முனையிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்திப் பார்த்தால் சுவர் 5 அடுக்காகத் தெரியும். உள்பக்கம் மட்டும் தடித்து, மற்ற அடுக்குகள் கலையாமல் இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

இத்தனைக்குப் பிறகும் அறிக்கையில் ‘திட்டவட்டமாகச் சொல்ல இயலவில்லை’ என்று வரலாம். மழுப்பல் என்று நினைக்க வேண்டாம். கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்து, அழற்சி அடங்கியபின் மறுபடி துணுக்கு எடுப்பார்கள். பழுதுபார்ப்புதான் என்றால் செல்கள் அதற்குள் ஒழுங்குக்கு வந்திருக்கும், மடிப்புகளும் வற்றியிருக்கும்.