கைக்கடிகாரம் அளப்பது எது, ஊகிப்பது எது?

ஃபிட்னஸ் பேண்ட் ஆனாலும் ஸ்மார்ட்வாட்ச் ஆனாலும், உடற்பயிற்சியைக் கணிக்க உள்ளே இருப்பவை முக்கியமாக மூன்று சென்சார்கள்தான்: அசைவை உணரும் முடுக்கமானி, தோலுக்குள் பச்சை ஒளி பாய்ச்சி இதயத் துடிப்பைப் பிடிக்கும் சென்சார், இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ். திரையில் தெரியும் மற்ற எண்களெல்லாம் இந்த மூன்றிலிருந்தும், நீங்கள் பதிந்த வயது, எடை, உயரத்திலிருந்தும் கணக்குப் போட்டு எடுத்தவை. கணக்கின் படிகள் கூடக்கூடப் பிழையும் கூடும். ஆனால் ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஓரளவு சரியாக வரும் இதயத் துடிப்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சற்றும் நம்ப முடியாத கலோரிக் கணக்கை வைத்து அன்றைய சாப்பாட்டை முடிவு செய்கிறார்கள்.

முதலில் அடிகளின் எண்ணிக்கை. கையில் கட்டிய கருவிக்குக் கால் தெரியாது, கையின் வீச்சுதான் தெரியும். ட்ரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்தபடியோ, குழந்தையின் தள்ளுவண்டியைத் தள்ளியபடியோ நடந்தால் நிறைய அடிகள் விடுபடும். உட்கார்ந்து துணி மடித்தால் நடக்காத அடிகள் ஏறும். மிக மெதுவாக நடப்பவர்களுக்கும் ஊன்றுகோலுடன் நடப்பவர்களுக்கும் எண்ணிக்கை குறைத்தே வரும். சோதிப்பது எளிது: வழக்கமான வேகத்தில் 100 அடிகளை மனதுக்குள் எண்ணி நடந்து, கருவியின் கணக்கோடு ஒப்பிடுங்கள். 95 முதல் 105 வரை இருந்தால் போதும். அதைத் தாண்டினால், எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள் என்ற செட்டிங் சரியா என்று பாருங்கள்.

ஜிபிஎஸ் இல்லாமல் காட்டப்படும் தூரம், அடிகளை உத்தேச அடி நீளத்தால் பெருக்கிய விடை. அந்த நீளத்தைக் கருவி உங்கள் உயரத்திலிருந்து ஊகிக்கிறது. 400 மீட்டர் ஓடுதளத்தின் உள்வட்டத்தில் ஒரு சுற்று நடந்து அடிகளை எண்ணுங்கள். 560 அடிகள் வந்தால் உங்கள் அடி நீளம் சுமார் 71 செ.மீ. செயலியில் இதைப் பதிய இடமிருந்தால் பதிந்துவிடுங்கள்.

தினம் 10,000 அடி என்ற இலக்கு ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சராசரி வயது 72 உள்ள ஏறத்தாழ 17,000 பெண்களைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. எனவே 3,000 அடி நடப்பவர் 10,000ஐப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பதிந்து, அந்தச் சராசரியோடு 1,000 கூட்டி இரண்டு வாரம் போங்கள். பிறகு அடுத்த ஆயிரம். சைக்கிளும் எடைப் பயிற்சியும் அடிக் கணக்கில் சேராது என்பதால், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசை வலுப் பயிற்சி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையையே அளவுகோலாகக் கொள்வது மேல்.

இனி இதயத் துடிப்பு. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடி நாளங்களில் ரத்த அளவு ஏறி இறங்க, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. பட்டை தளர்ந்தால் வெளிச்சம் உள்ளே புகும், சென்சாரும் ஆடும். பயிற்சியின்போது மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே ஏற்றி, வழக்கத்தைவிட ஒரு துளை இறுக்கிக் கட்டுங்கள்; முடிந்ததும் தளர்த்தி, வியர்வையைத் துடைத்துவிடுங்கள். ஈரப் பட்டையோடே தூங்கினால் தோல் சிவந்து அரிக்கும். சென்சாருக்கு அடியில் பச்சை குத்தியிருந்தாலும், குளிரில் நாளங்கள் சுருங்கியிருந்தாலும் அளவு தடுமாறும்.

ஓடுபவர்களை அதிகம் ஏமாற்றுவது வேறொன்று. நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைத்து ஓடும்போது, கையின் சீரான ஆட்டத்தையே துடிப்பென்று கருவி எடுத்துக்கொள்வதுண்டு. மெல்லோட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே 170 காட்டுகிறதா? மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிறதா? அப்படியானால் அந்த எண் பொய். நின்றவுடன் கழுத்தோரம் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள். எடை தூக்கும்போது கை இறுகி மணிக்கட்டு மடங்குவதாலும், விட்டுவிட்டு வேகமாகச் செய்யும் பயிற்சிகளில் கருவி பின்தங்குவதாலும் மணிக்கட்டு அளவு பயன்படாது. அங்கே மார்பில் கட்டும் பட்டைதான் வேண்டும். அது ஒளியை நம்பாமல் இதயத்தின் மின்சைகையை நேரடியாக எடுக்கிறது. கட்டுவதற்கு முன் அதன் மின்முனைகளைத் தண்ணீரால் நனைக்க மறந்தால் முதல் சில நிமிடங்கள் குப்பையாகத்தான் வரும்.

துடிப்பு சரியாக வந்தாலும், ‘கொழுப்பு எரியும் மண்டலம்’ என்று வண்ணம் வண்ணமாகக் காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். பல செயலிகள் உச்சத் துடிப்பை ‘220 கழித்தல் வயது’ என்று போடுகின்றன. 60 வயதுக்கு அது 160. ‘208 கழித்தல் 0.7 பெருக்கல் வயது’ என்ற பிந்தைய சூத்திரத்தில் 166. இரண்டுமே சராசரிகள், ஒருவரின் உண்மையான உச்சம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு தள்ளியிருப்பது சாதாரணம். ஓய்வுத் துடிப்பையும் சேர்த்துக் கணக்கிடும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஓய்வில் 65, உச்சம் 166 என்றால் இடைவெளி 101. அதில் 40 முதல் 59 விழுக்காட்டை 65உடன் கூட்டினால், மிதமான பயிற்சி சுமார் 105 முதல் 125 வரை. பேச முடியும், பாட முடியாது என்ற நிலைதான் இது.

ரத்த அழுத்தத்துக்கோ இதய நோய்க்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த மண்டலங்கள் எதுவும் பொருந்தாது. மாத்திரை துடிப்பை ஏறவிடாது. கருவியோ ‘இன்னும் வேகமாக’ என்று தூண்டிக்கொண்டே இருக்கும். அவர்கள் இலக்கை மருத்துவரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

கலோரி பற்றி என் கருத்து கடுமையானது: முடிந்தால் திரையிலிருந்து நீக்கிவிடுங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 2017இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 விழுக்காட்டுக்குள் சரியாகச் சொல்லின. கலோரியில் மிகச் சிறந்ததே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மிக மோசமானது 93. வெயிலாலும் காபியாலும் பதற்றத்தாலும் ஏறிய துடிப்பைக் கருவி உழைப்பாகவே எண்ணுகிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. 70 கிலோ எடையுள்ளவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்குச் சுமார் 70 கலோரி செலவாகும். ஒரு மணி நேர நடைக்கு 280 என்று காட்டும் சில செயலிகள் இதையும் சேர்த்தே காட்டுகின்றன. நடையின் கூடுதல் செலவு 210தான். உணவுக் குறிப்புச் செயலியோடு இணைத்திருந்தால், எரித்த கலோரியைச் சாப்பாட்டுக் கணக்கில் திருப்பிச் சேர்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள். எடை குறையாமல் நிற்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அந்த செட்டிங்கைத்தான். அதிகாலையில், கழிப்பறை போய் வந்தபின், தினமும் எடை பார்த்து வாரச் சராசரியை ஒப்பிடுவது இதைவிடப் பல மடங்கு நம்பகமானது.

தூக்கத்தில், மொத்த நேரம் ஓரளவு சரி. ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்ற பிரிவினை, மூளை அலையைப் பார்க்காமல் அசைவையும் துடிப்பையும் வைத்துச் செய்யும் ஊகம். எழும்போது தெளிவாக இருந்தால் கருவி தரும் தூக்க மதிப்பெண்ணை விட்டுத்தள்ளுங்கள்.

வெளியே ஓடும்போது, ஜிபிஎஸ் பிடித்துவிட்டதற்கான அடையாளம் வரும்வரை திறந்த வெளியில் நின்றுவிட்டுத் தொடங்குங்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சைகை சுவரில் பட்டுத் திரும்புவதால், போகாத வழியெல்லாம் வரைபடத்தில் வளைந்து வரும்.

அடிகள் நடுவில் காணாமல் போனால் கருவியைக் குறை சொல்வதற்கு முன் போனைப் பாருங்கள். பேட்டரி சேமிப்பு, செயலியைப் பின்னணியில் நிறுத்தியிருக்கும். அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்குங்கள். எண்ணிக்கை இரட்டிப்பாக வந்தால், போனும் கடிகாரமும் தனித்தனியே எழுதுகின்றன என்று பொருள். தரவுகளைச் சேர்த்து வைக்கும் செயலியில் கடிகாரத்துக்கு முன்னுரிமை கொடுங்கள்.

ஓட்டப் பாதையைப் பொதுவில் பகிர்பவர்கள் வீட்டு வாசலில் பதிவைத் தொடங்க வேண்டாம். ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ வீரர்களின் ஓட்டத் தடங்கள் ராணுவத் தளங்களின் உள்பாதைகளைக் காட்டிக் கொடுத்தது 2018 தொடக்கத்தில் தெரியவந்தது. வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் வசதி செயலியில் இருந்தால் அதை இயக்குங்கள்.

தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களை வாங்காதீர்கள். அப்படி ஒரு கருவிக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான அளவை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. சில கடிகாரங்களில் உள்ள இசிஜி, சீரற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க உதவும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. பயிற்சியின் நடுவே நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால், திரையில் எந்த எண் இருந்தாலும் உடனே நிறுத்திவிட்டு அவசர உதவியை அழையுங்கள்.