ஒளிச்சேர்க்கை: எதனோடு எது சேர்கிறது?

ஒளிச்சேர்க்கை என்றதும் இலைக்குள் வெயில் போய்ச் சேர்ந்துகொள்வது என்று நினைப்பவர்கள் நிறைய. அங்கே சேர்வது ஒளி இல்லை, கார்பன்.

இதன் ஆங்கிலப் பெயரான போட்டோசிந்தசிஸ் என்பதில் முன்பாதி கிரேக்கத்தில் ஒளி, பின்பாதி ஒன்றாகச் சேர்த்து வைப்பது. 1893-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் சார்லஸ் பார்ன்ஸ் விரும்பி முன்வைத்த பெயர் போட்டோசிண்டாக்ஸ். ஆனால் நிலைத்தது போட்டோசிந்தசிஸ்தான். தமிழகப் பாடநூல்களில் ஒளிச்சேர்க்கை, இலங்கைப் பாடநூல்களில் ஒளித்தொகுப்பு. சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரியதொன்றைக் கட்டுவதைத் தொகுப்பு என்ற சொல் இன்னும் துல்லியமாகச் சொல்வதால் எனக்கு இலங்கைச் சொல் ஒரு படி மேல். அதற்காக நம் சொல் தப்பில்லை. கைத்தையல் என்றால் கையால் தைத்த தையல், தையலில் கை தங்கிவிடுவதில்லை. அதே போல ஒளியால் நடக்கும் சேர்க்கை என்று மூன்றாம் வேற்றுமையில் விரித்தால் எல்லாம் சரியாகிவிடும்.

சரி, எப்படிச் சேர்கிறது? இலைத்துளை வழியாக வரும் கார்பன் டை ஆக்சைடை ரூபிஸ்கோ என்ற நொதி பிடித்து, ஐந்து கார்பன் உள்ள ஒரு சர்க்கரையோடு ஒட்டவைக்கிறது. ஆறு கார்பனான அது நிற்காமல் உடனே மூன்று மூன்றாகப் பிளக்கிறது, அப்புறம் ஒளியில் கிடைத்த ஆற்றலைச் செலவழித்து அந்தத் துண்டுகள் சர்க்கரையாகின்றன, பெரும்பகுதி மறுபடி அந்த ஐந்து கார்பன் சர்க்கரையாகவே திரும்புகிறது. ஒரு குளுக்கோஸ் அளவுக்குச் சேர ஆறு கார்பன் டை ஆக்சைடு வேண்டும். கதிரியக்கக் கார்பனைப் பாசிக்கு ஊட்டி இந்த வழியைக் கண்டதற்கு மெல்வின் கால்வினுக்கு 1961-இல் நோபல் பரிசு.

மிஞ்சும் சர்க்கரை மாவுச்சத்தாகத் தங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டு நாள் இருட்டில் வைத்த செடியின் இலையொன்றில் கறுப்புக் காகிதப் பட்டை சுற்றி வெயிலில் விட்டு, பிறகு அந்த இலையைச் சாராயத்தில் பச்சை போகும்வரை வெந்நீர்ச் சூட்டில் வைத்து எடுத்து அயோடின் விட்டால், வெயில் பட்ட இடம் கருநீலமாகும், பட்டை மறைத்த இடம் அயோடினின் பழுப்போடு அப்படியே நிற்கும்.

எனக்கு உண்மையில் உறுத்துவது, கார்பனைச் சேர்த்துச் சர்க்கரை கட்டும் வேலைக்கு வைத்த இருள்வினை என்ற பெயர்தான். அந்த வேலை பெரும்பாலான செடிகளில் நடப்பது பகலில், ஒளியைப் பிடிக்கும் கட்டமான ஒளிவினை தரும் ஆற்றல் நின்றால் அதுவும் நின்றுவிடும். கார்பன் நிலைநிறுத்தம் என்றே எழுதுங்கள்.