ஜியோதெர்மோபாரோமெட்ரி: பாறை வெப்ப அழுத்த மதிப்பீடு

உருமாறிய பாறை ஒன்று எந்த ஆழத்தில், என்ன சூட்டில் உருவானது என்பதை அதிலுள்ள கனிமங்களைக் கொண்டே கணக்கிடும் முறைதான் ஜியோதெர்மோபாரோமெட்ரி. வேர்கள் எல்லாம் கிரேக்கம்: ஜியோ பூமி, தெர்மோஸ் சூடு, பாரோஸ் பளு, மெட்ரான் அளவு. வானிலை பார்க்கும் பாரோமீட்டரிலும் இதே பாரோஸ்தான். அங்கே அழுத்துவது காற்று, இங்கே பல கிலோமீட்டர் தடிமனுள்ள பாறை. ஒரு கிலோபார் (காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு) அழுத்தத்துக்குச் சுமார் 3.5 முதல் 4 கி.மீ. ஆழம் என்று தோராயமாகக் கொள்ளலாம்.

அவ்வளவு ஆழத்தில், அதுவும் என்றோ நடந்து முடிந்ததை எப்படி அளப்பது? கார்னெட் என்ற கனிமமும், கறுப்பு மைக்காவான பயோடைட்டும் ஒட்டி வளர்ந்த பாறையை எடுத்துக்கொள்வோம். இரண்டும் இரும்பையும் மெக்னீசியத்தையும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும். சூடு ஏற ஏற கார்னெட்டில் மெக்னீசியம் கூடும். இரும்பு பயோடைட் பக்கம் போகும். இதில் கன அளவு ஏறக்குறைய மாறாது. அதனால் அழுத்தம் பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. 1978இல் நிலவியலாளர்கள் ஃபெர்ரி, ஸ்பியர் இருவரும் ஆய்வகச் சோதனைகள் மூலம் இதற்கு அளவுகோல் வகுத்தார்கள்.

அழுத்தத்தை அறிய, கன அளவு நன்றாகச் சுருங்கும் வினை வேண்டும். பிளாஜியோகிளேஸ் என்ற கனிமத்தின் கால்சியப் பகுதி சிதைந்து கார்னெட், கயனைட், குவார்ட்ஸ் ஆகும் வினை அப்படிப்பட்டது. அழுத்தம் கூடினால் கார்னெட்டில் கால்சியம் கூடும்.

கனிமங்களின் வேதிக் கூறுகளை எலக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவியில் புள்ளி புள்ளியாக அளக்கிறார்கள். எந்தப் புள்ளியை எடுக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். பாறை மேலே வந்து ஆறும்போது ஓரங்களில் பரிமாற்றம் மறுபடி நடந்துவிடும். அந்த ஓரத்தை அளந்துவிட்டு அதுதான் உச்ச வெப்பநிலை என்றால் கணக்கு தவறிப்போகும். கவனமாகச் செய்தாலும் 50 டிகிரி செல்சியஸ், 1 கிலோபார் அளவுக்கு முன்பின் இருப்பது வழக்கம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேர்ச்சொல்லை அப்படியே பெயர்த்தால் 'புவிவெப்ப அழுத்தமானி' வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. புவிவெப்பம் என்றதும் நிலத்தடிச் சூட்டில் மின்சாரம் எடுப்பதுதான் நினைவுக்கு வரும். மானி என்றால் கையில் பிடிக்கும் கருவி. இங்கே நடப்பது கணக்கீடு. ஆகவே 'பாறை வெப்ப அழுத்த மதிப்பீடு' என்பதே பொருந்தும். சூட்டை மட்டும் கணித்தால் பாறை வெப்பநிலை மதிப்பீடு, அழுத்தத்தை மட்டும் என்றால் பாறை அழுத்த மதிப்பீடு. இந்த முறை தீப்பாறைகளுக்கும் உண்டு என்பதால் பெயரில் 'உருமாறிய' என்று சேர்க்க வேண்டியதில்லை.