கிழிந்த உணவுக்குழாய்: முதியவருக்கு எவ்வளவு அறுவை தாங்கும்?

இரைப்பைக்கும் குடலுக்கும் வெளியே மெல்லிய, உறுதியான ஓர் உறை உண்டு. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய்க்குப் பெரும்பாலும் அது கிடையாது. அதனால் தையல் அங்கே எளிதில் நிற்பதில்லை. போதாக்குறைக்கு, நாம் மூச்சை இழுக்கும்போதெல்லாம் மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. எச்சிலும் அமிலமும் உணவும் கிழிசல் வழியாக மார்புக்குள் இழுக்கப்படுகின்றன. ஆளைக் கொல்வது ஓட்டையல்ல, இந்தக் கசிவுதான்.

கடும் வாந்தியால் கிழிவதை நெதர்லாந்து மருத்துவர் ஹெர்மன் போர்ஹாவே 1724-இல் விவரித்தார். விருந்துக்குப் பின் வாந்தியெடுக்க முயன்று இறந்த ஒரு கடற்படைத் தளபதியின் உடலை அறுத்துப் பார்த்தபோது, தின்ற வாத்துக்கறியின் வாடை மார்புக்குள் வீசியதாம். இன்றைக்கோ எண்டோஸ்கோபி (வாய்வழி கேமராக் குழாய் செலுத்திப் பார்ப்பது), சுருங்கிய குழாயை விரிக்கும் பலூன் போன்றவற்றால் ஏற்படும் கிழிசலே அதிகம். முதியவர்களுக்குத்தான் இவை அடிக்கடி தேவைப்படுகின்றன.

அவர்களிடம் கண்டுபிடிப்பதும் சிரமம். மார்பு வலி என்றதும் எல்லோருக்கும் மாரடைப்புதான் நினைவுக்கு வரும். காய்ச்சலும் சிலருக்குத் தாமதமாகவே வரும். சந்தேகம் எழுந்தால், ஸ்கேனில் பளிச்செனத் தெரியும் மாறுபாட்டு மருந்தைக் குடிக்கவைத்து சி.டி. ஸ்கேன் எடுத்தால் கசிவு தெரியும்.

கீழ்ப்பகுதிக் கிழிசல் என்றால் வழக்கமாக இடது விலா இடுக்கில் திறப்பார்கள். உள்ளே சளிப்படலத்தின் கிழிசல் வெளியே தெரிவதைவிட நீளமாக இருக்கும். தசையை மேலும் பிளந்து இரு முனையையும் பார்த்துத்தான் தைக்க வேண்டும். அப்புறம் விலாத் தசையையோ இரைப்பையின் மேல்பகுதியையோ தையல்மீது போர்த்துவார்கள். மார்பைக் கழுவி வடிகுழாய் வைப்பார்கள். உணவு செலுத்த சிறுகுடலில் தனியே ஒரு குழாய் பொருத்துவதும் உண்டு.

இத்தனைக்கும் நடுவே ஒரு நுரையீரலைச் சுருக்கி, மற்றதால் மட்டும் சுவாசிக்க வைப்பார்கள். எழுபது வயது இதயத்துக்கு அது பெரும் சுமை. 24 மணி நேரம் கடந்திருந்தால் திசு வீங்கி, நூல் அறுத்துக்கொண்டு வரலாம். அப்போது பிடிவாதமாகத் தைப்பதைவிட, கிழிசலில் டி வடிவக் குழாயைச் செருகிக் கசிவை வெளியே திருப்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

மார்பைத் திறக்கவே முடியாதவருக்கு, உள்ளிருந்தே ஸ்டென்ட் எனும் விரியும் குழாயை வைத்து ஓட்டையை மறைக்கலாம். அல்லது கிழிசலில் பஞ்சு போன்ற நுரைத்துண்டை வைத்து, மூக்கு வழிக் குழாயால் சீழை இடைவிடாமல் உறிஞ்சலாம். சில நாட்களுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து, எண்டோஸ்கோபி. ஸ்டென்ட் மட்டும் வைத்துவிட்டு மார்பில் தேங்கிய சீழை விட்டுவிட்டால் பயனில்லை. அதற்குத் தனியே வடிகுழாய் போட்டே ஆக வேண்டும்.