தேயாத ரயர்தான் வெடிக்கிறது

மறுபடியும் சி வகை மோட்டார்ஹோம், வான் முகப்போடு ஓடும் வீடு. மறுபடியும் பின் அச்சு, இரட்டை ரயர்களில் உட்பக்கத்து ரயர். மறுபடியும் அதே வசனம்: "தம்பி, ரயர் புதுசு மாதிரித்தானே இருந்தது!"

புதுசு மாதிரித்தான் இருந்தது. ரயரின் மேற்பட்டையில் வெட்டிய பள்ளம் முக்கால்வாசிக்கு மேல் மிச்சம். ஆனால் பக்கச் சுவரில் இருந்த எண் 2213. 2013ஆம் ஆண்டின் 22ஆவது கிழமையில் செய்த ரயர். அமெரிக்காவின் ஐ-75 நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது அதன் மேற்பட்டை உரிந்து, சில்லுக்கு மேலிருந்த தகட்டைக் கிழித்து, கழிவுத் தொட்டிக் குழாயை உடைத்து, வயர்க்கட்டையும் அறுத்துவிட்டது. ஒரு ரயரின் விலையைப்போலப் பல மடங்கு, கீழ்ப்பக்கத்துத் திருத்த வேலைக்குப் போனது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அதிர்ஷ்டம். ஒவ்வொரு நவம்பரிலும் ஏப்ரலிலும் இதே திருத்த வேலை என்னிடம் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளிருக்குத் தப்பக் கனடாவிலிருந்து புளோரிடா போகும் ஓய்வூதியர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. பயண மருத்துவக் காப்புறுதிக்கு நாலு கம்பனியில் விலை கேட்பார்கள். அமெரிக்காவில் எத்தனை நாள் நின்றோம் என்று நாட்காட்டியில் கோடு போட்டு எண்ணுவார்கள். ரயர் என்று வந்தால் மட்டும் குனிந்து ஒரு பார்வை, காலால் ஒரு உதை, "நல்லாயிருக்கு."

அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? நாற்பது வருடம் கார் ஓடிய பழக்கத்திலிருந்து. தினமும் வேலைக்குப் போய்வரும் கார் வருடத்துக்கு 20,000 கிலோமீற்றர் ஓடும். மூன்று நாலு வருடத்தில் பள்ளம் தேய்ந்து ரயர் மொட்டையாகிவிடும். ரப்பருக்கு வயதாவதற்கு முன்னரே ரயரைக் கழற்றி மாற்றிவிடுகிறோம். அதனால் காருக்குப் பள்ளத்தைப் பார்த்தால் போதும், அது சரியான கணக்கு.

மோட்டார்ஹோமுக்கு அது பிழையான கணக்கு. ரொறன்ரோவிலிருந்து ஓர்லாண்டோ ஏறத்தாழ 2,100 கிலோமீற்றர். போய்வர, அங்கே கொஞ்சம் சுற்ற என்று பார்த்தாலும் வருடத்துக்கு 5,000, மிஞ்சினால் 6,000. பத்து வருடம் ஓடினாலும் அறுபதாயிரம் தாண்டாது. அந்த ரயர் தேய்ந்து சாக வழியே இல்லை. அது வயதாகித்தான் சாகும். ஆகவே பள்ளம் ஆழமாக இருக்கிறது என்பது நல்ல செய்தி அல்ல, ரயர் பழையது என்பதற்கான முதல் சந்தேகம். இதை ஒருவருக்குச் சொல்லி முடிக்கும்போது, "ஆனால் பள்ளம் இருக்கே?" என்று திரும்பக் கேட்பார். ஐயா, பள்ளம் மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு. பாரத்தைத் தாங்குவது அதற்குக் கீழே கிடக்கும் உருக்குக் கம்பிப் பட்டிகளும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பரும். அந்தப் பிடி விட்டுப்போவதை வெளியே நின்று பார்க்க முடியாது.

ஓடாமல் நிற்பது ரயருக்கு ஓய்வு என்று நினைப்பதும் தவறு. ரப்பரில் கலந்திருக்கும் மெழுகும் பாதுகாப்புப் பொருட்களும் ரயர் உருண்டு வளையும்போதுதான் நன்றாக மேற்பரப்புக்கு வருகின்றன. நின்றால் அது குறையும். ஏப்ரலிலிருந்து ஒக்ரோபர் வரை வீட்டு டிரைவேயில் வெயில், பிறகு புளோரிடா ஆர்.வி. பார்க்கில் ஐந்து மாத வெயில். வெளியே சூரியனும் ஓசோனும், உள்ளே அடைத்து வைத்த காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து ரப்பரைக் காயவைக்கின்றன. பக்கச் சுவரில் தலைமயிர் போன்ற வெடிப்புகள் தெரிந்தால் பயப்படுங்கள். தெரியாவிட்டால் நிம்மதி அடையவேண்டாம்.

வயதைப் பார்ப்பது எப்படி? பக்கச் சுவரில் டி.ஓ.ரி. (DOT) என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதன் கடைசி நாலு இலக்கம்: முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் ஆண்டு. 3518 என்றால் 2018இன் 35ஆவது கிழமை. மூன்று இலக்கம்தான் என்றால் அது 2000க்கு முந்தியது. அதை மேலும் ஆராயாதீர்கள், கழற்றுங்கள். இந்த முழு வரி பல ரயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், அதுவும் உட்பக்கமாகத் திரும்பியிருக்கும். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிறேக் போட்டு, சில்லுக்குக் கட்டை வைத்து, போனின் லைற்றை எரியவிட்டுக் கையை உள்ளே நீட்டிப் படம் எடுங்கள். லெவலிங் ஜாக்கில் உயர்த்திவிட்டு அடியில் நுழையாதீர்கள், அது வாகனத்தைச் சமப்படுத்த மட்டுந்தான். ஆறு ரயரையும் பாருங்கள். ஸ்பெயர் இருந்தால் அதையும். வாகனத்தோடு வந்த ஸ்பெயர் வாகனத்தின் வயதுதான்.

ஐந்து வருடம் தாண்டினால் ஒவ்வொரு வருடமும் ரயர்க்கடையில் சில்லைக் கழற்றி உள்ளும் புறமும் பார்க்கவேண்டும். பத்து வருடம் என்றால் பேச்சே இல்லை, எப்படித் தெரிந்தாலும் மாற்றவேண்டும். என்னிடம் கேட்டால் ஏழு. முன் ரயர் இரண்டுக்கும் ஏழைக் கூடத் தாண்டவிடமாட்டேன், ஏனென்றால் அங்கே தாங்க இன்னொரு ரயர் பக்கத்தில் இல்லை. புதிது வாங்கும்போது பூட்டுவதற்கு முன்னரே திகதியைக் கேளுங்கள். தள்ளுபடி விலையில் வருவது சில நேரம் மூன்று வருடம் களஞ்சியத்தில் கிடந்ததாக இருக்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது பாரம். "நாங்கள் இரண்டே பேர், என்ன பாரம்?" என்பது நான் கேட்கும் இரண்டாவது வசனம். வாசல் கதவுக்கு அருகே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். நீளமான சி வகைகள் சிலவற்றில் அது ஆயிரம் கிலோவுக்கும் கீழே. அதற்குள்தான் நீங்கள் இருவரும், தொட்டித் தண்ணீரும், கதிரை மேசையும், பார்பிகியூவும், கருவிப்பெட்டியும், பின்னால் தொங்கும் இரண்டு மின்சைக்கிளும், காரை இழுத்தால் கொழுக்கியில் விழும் பாரமும் அடங்கவேண்டும். நம்மவர்கள் என்றால் கிரைண்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போர்ட் ஈ-450 அடித்தளத்தை எடுத்துக்கொள்வோம், வீதியில் காணும் சி வகைகள் பலவும் அதில் கட்டியவைதான். மொத்த அனுமதி 14,500 இறாத்தல், அதாவது 6,577 கிலோ. ரயரின் அளவு எல்.ரி. 225/75 ஆர் 16, பாரத் தரம் ஈ. இரட்டையாகப் பூட்டும்போது 80 பி.எஸ்.ஐ. காற்றில் ஒரு ரயர் தாங்குவது 2,470 இறாத்தல். நாலுக்கும் 9,880. பின் அச்சின் அனுமதியே 9,500ஐச் சுற்றி. கையிருப்பு எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள். காற்று பத்து குறைந்தால் அந்தக் கையிருப்பும் போய்விடும்.

நிறுக்காமல் இதை ஊகிக்க முடியாது. அமெரிக்காவில் லொறிகள் தரிக்கும் பெரிய நிலையங்களில் கேட் ஸ்கேல் தராசு இருக்கும். முன் சில்லு முதல் தட்டில், பின் சில்லு இரண்டாவது தட்டில், இழுக்கும் கார் மூன்றாவதில் நிற்கவேண்டும். பொத்தானை அழுத்திச் சொல்லிவிட்டு உள்ளே போனால் அச்சுவாரியாக நிறை அச்சடித்த ரிக்கற் தருவார்கள். கூட்டுத்தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். மொத்தம் சரியாக இருந்து பின் அச்சு மட்டும் மீறியிருக்கும். பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் நூறு கிலோ ஏற்றினால் அச்சில் விழுவது நூறுக்கு மேல், முன்பக்கம் அந்த மேலதிக அளவுக்கு இலேசாகிவிடும்.

இன்னொன்று. நவம்பரில் ஒன்ராறியோவை விட்டுப் புறப்படும்போது குழாய்களில் ரோஸ் நிற அன்ரிபிரீஸ்தான் இருக்கும், தொட்டி வெறுமை. உறைபனி தாண்டி ஜோர்ஜியாவில்தான் தண்ணீர் நிரப்புவீர்கள். 150 லீற்றர் தொட்டி என்றால் 150 கிலோ அங்கே ஏறுகிறது. ஆகவே வீட்டடியில் நிறுத்துப் பார்த்த நிறை உண்மையான நிறை அல்ல. தண்ணீரும் பெற்றோலும் முழுதாக, ஆட்களும் உள்ளே இருக்க நிறுங்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லவேண்டியது இரண்டே விஷயம், இரண்டையும் ஒருவரும் கேட்பதில்லை. ஒன்று, காலையில் ஓடுவதற்கு முன் அளக்கவேண்டும். ஓடிச் சூடான ரயரில் அளவு கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடாதீர்கள். இரண்டு, வெப்பநிலை. புளோரிடாவில் 25 பாகை செல்சியஸ் காலையில் 80 அடித்தால், ஏப்ரல் தொடக்கத்தில் ஒஹையோவில் 0 பாகைக் காலையில் அதே ரயர் 72 காட்டும். ஒரு துளி காற்றும் கசியவில்லை, குளிர்தான் காரணம். ஆனால் ரயருக்கு அது 72தான். திரும்பி வரும் பயணத்தில் ரயர்கள் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். வடக்கே வரும் ஒவ்வொரு காலையும் அளந்து நிரப்புங்கள். சிகரெற் லைற்றர் துளையில் செருகும் குட்டிக் கொம்பிரசர் 80க்கு முன் மூச்சு வாங்கிவிடும். பற்றறியில் நேரடியாகக் கவ்வும், 120 வரை தள்ளக்கூடியதை வாங்குங்கள். உள் ரயருக்கு எட்டும் நீண்ட இருதலை அளவுமானியும் வேண்டும். தடியால் தட்டிப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம். 20 பி.எஸ்.ஐ. குறைந்த ரயரும் தட்டினால் நல்ல சத்தம்தான் தரும்.

இனி அந்த உள் ரயர். இரட்டையில் ஒன்றுக்குக் காற்றுப் போனால் ஓட்டுநருக்குத் தெரியாது. வாகனம் சாயாது, ஸ்ரியரிங் இழுக்காது. பக்கத்து ரயர் இரண்டின் பாரத்தையும் சுமந்துகொண்டு போகும், சூடேறும், அதுவும் போகும். காற்றுப் போவதற்கு அனேகமாகக் காரணம் வால்வில் மாட்டிய நீட்டிப்பு ஹோஸ். கம்பி பின்னிய, நெளியும் மலிவு ஹோஸ் கசியும். நீளமான உலோக வால்வுத் தண்டு போடச் சொல்லுங்கள். ரயர் அழுத்தம் காட்டும் சென்சரை வெளியே மாட்டுபவர்களுக்கும் இதுவே: ரப்பர் தண்டில் சென்சரின் நிறை ஆடி ஆடித் தண்டு வெடிக்கும். சென்சர் அவசியம் போடுங்கள், குளிர்ந்த நிலை அளவை வைத்துச் சரிசெய்யுங்கள். ஆனால் அது காற்றைத்தான் பார்க்கிறது. உள்ளே பட்டி பிரிவதை அது சொல்லாது.

காற்று 20 சதவீதத்துக்கு மேல் குறைந்த நிலையில் ஓடிய ரயரை வழியில் நீங்களாக நிரப்பவேண்டாம். தயவுசெய்து வேண்டாம். பஸ் போன்ற பெரிய ஏ வகை மோட்டார்ஹோம்களின் ரயர்களில் பக்கச் சுவரிலும் உருக்குக் கம்பி. மடிந்து ஓடிய கம்பி ஒடிந்திருக்கும், காற்று ஏறும்போது சிப்பைத் திறந்த மாதிரிக் கிழியும், பக்கத்தில் நிற்பவர் தப்பமாட்டார். கடையில் கழற்றிப் பார்த்து, இரும்புக் கூட்டுக்குள் வைத்துத்தான் அடிப்பார்கள்.

முன் ரயர் வெடித்தால் கால் தானாகப் பிறேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, வாகனம் நேராகும் வரை ஒரு கணம் அக்சிலறேற்றரை அழுத்துங்கள். பிறகு மெதுவாக விட்டு, வேகம் தானாக இறங்கியதும் ஓரம் கட்டுங்கள். கணவன், மனைவி இருவரும் ஓட்டுவதென்றால் இருவரும் இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஓடும்போது புரோபேன் சிலிண்டரின் வால்வு பூட்டியிருக்கவேண்டும். பிரிட்ஜ் சில மணிநேரம் குளிர் பிடித்திருக்கும், வெடித்த ரயர் அறுப்பது காஸ் குழாயாகவும் இருக்கலாம். சில்லை நீங்களே மாற்ற இறங்காதீர்கள். உங்கள் வீதி உதவி அங்கத்துவம் மோட்டார்ஹோமை ஏற்குமா என்று புறப்படுமுன் போன் எடுத்துக் கேளுங்கள். காருக்கான சாதாரண அங்கத்துவம் பல இடங்களில் இதை ஏற்காது. சில்லுக் கழற்றிப் பூட்டியிருந்தால் 80 முதல் 160 கிலோமீற்றருக்குள் நட்டுகளை மறுபடி அளவாக இறுக்கவேண்டும், கைநூலில் உள்ள அளவுக்கு.

கோடையில் நிற்கும்போது வெள்ளை உறை போடுங்கள். கழுவச் சவர்க்காரத் தண்ணீர் போதும். கறுப்பாக மினுக்கும் பெற்றோலிய எண்ணெய் வகைகள் அந்த மெழுகையே கரைக்கும். மாதம் ஒருமுறை நின்ற இடத்தில் எஞ்சினை மட்டும் போட்டு அணைப்பதற்குப் பதிலாக, அரை மணிநேரம் வீதியில் ஓடுங்கள்.

பார்க்கவும் மாற்றவும் செப்ரெம்பரில் வாருங்கள். நவம்பர் நடுவில், புறப்பட மூன்று நாள் இருக்கும்போது வந்து நின்றால் உங்கள் அளவில் ஆறு ரயர் ஒரே நாளில் கிடைக்காது. அவசரத்தில் எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவந்து தந்தால், பூட்டமுன் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள்.