போர்ஸ்கோப்: துளைநோக்கியா, புழைநோக்கியா?

ஓசூரில் வேலை கிடைத்த புதிதில் ஊருக்குப் போயிருந்தேன். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். என்ன வேலை என்று பெரியப்பா கேட்டார். “போர்ஸ்கோப் இன்ஸ்பெக்டர்” என்றேன். இன்ஜினைப் பிரிக்காமல், சிறு துளை வழியாக மெல்லிய குழாயை விட்டு உள்ளே பழுது இருக்கிறதா என்று பார்க்கிற கருவிதான் போர்ஸ்கோப். “போர் வண்டியா? நல்லதுதான்பா. நம்ம கொல்லையில எத்தனை அடியில தண்ணி வரும்னு பார்த்துச் சொல்லு” என்றார். திண்ணையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது முழுத் தவறு இல்லை என்று தெரிய எனக்கு இரண்டு மூன்று வருடம் ஆனது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ‘போர்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆழ்துளைக் கிணறுதான். அதற்கு அப்புறம்தான் வைக்கோல் போர். சண்டை என்ற பொருளில் வரும் போர் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடும். வைக்கோல் போரும் சண்டைப் போரும் தமிழ்ச் சொற்கள். கிணற்றுப் போர் ஆங்கிலத்திலிருந்து வந்தது. துளையிடுவதைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையான ‘போரியன்’ அதன் வேர். துளையிடும் செயலைக் குறித்த சொல், பிறகு துளைக்கும் பெயராயிற்று. துப்பாக்கிக் குழாயின் உட்பக்கம், இன்ஜின் சிலிண்டரின் உட்பக்கம் எல்லாமே ‘போர்’தான். மெக்கானிக் கடையில் “போர் தேஞ்சிடுச்சு, ரீபோர் பண்ணணும்” என்று சொல்கிறார்களே, அதுவும் இதே சொல். என் கருவியின் பெயரில் முன்பாதியாக இருப்பதும் இதுவேதான். பெரியப்பாவின் போரும் என்னுடைய போரும் ஒரே வேரில் பிறந்தவை.

பின்பாதி ‘ஸ்கோப்’ கிரேக்கம். பார்ப்பது, உற்று நோக்குவது என்று பொருள். டெலஸ்கோப், மைக்ரோஸ்கோப் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். அந்தச் சொற்களில் முன்பாதியும் கிரேக்கமே. போர்ஸ்கோப்பில் மட்டும் முன்பாதி ஆங்கிலம், பின்பாதி கிரேக்கம். கலப்புச் சொல். பட்டறையில் பாதிப் பேர் ‘போரோஸ்கோப்’ என்பார்கள். மைக்ரோஸ்கோப்பில் வரும் ஓசை போல இருக்கட்டும் என்று நடுவில் ஓர் ஓகாரம் ஒட்டிக்கொண்டது. நம் ஆட்கள் கெடுத்த சொல் என்று நினைக்க வேண்டாம், ஆங்கிலத்திலேயே அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. விமானப் பராமரிப்பில் இந்தத் தகராறே கிடையாது. அங்கே ‘போர்ஸ்கோப் இன்ஸ்பெக்‌ஷன்’ என்பதைச் சுருக்கி ‘பிஎஸ்ஐ’ (BSI) என்ற மூன்றெழுத்தில் வேலை முடிந்துவிடும்.

மருத்துவமனையில் வயிற்றுக்குள் விடுகிற என்டோஸ்கோப் இதற்கு அண்ணன். 1806-ல் பிலிப் போட்சினி என்ற ஜெர்மானிய மருத்துவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தைக் குழாய் வழியாக உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார். உடம்புக்கு வந்தது பின்னால் இயந்திரத்துக்கும் வந்தது. முதலில் நேரான விறைப்புக் குழாய்தான். வளைந்து போகிற கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தை அனுப்பலாம் என்று 1954-ல் இயற்பியலாளர்களான ஹாப்கின்ஸும் நரிந்தர் சிங் கபானியும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கபானி பஞ்சாபின் மோகாவில் பிறந்தவர். இப்போது இழையும் போய், நுனியிலேயே சின்னஞ்சிறு கேமரா உட்கார்ந்திருக்கிறது. சுண்டுவிரலைவிட மெல்லிய குழாய், பெரும்பாலும் 4 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமன். கையில் இருக்கும் குமிழைத் திருப்பினால் நுனி பாம்புத் தலை போலத் திரும்பும்.

இதை வைத்து என்ன செய்கிறோம் என்பதை எங்கள் பக்கத்து மாம்பழத்தை வைத்துச் சொல்லலாம். தோலில் ஒரு புள்ளி இருக்காது, மணம் தூக்கும், அறுத்தால் கொட்டைக்குள் வண்டு உட்கார்ந்திருக்கும். மாம்பழத்தை அறுத்துப் பார்க்கலாம். விமான இன்ஜினை ஒவ்வொரு தடவையும் அறுத்துப் பார்க்க முடியாது. அதனால் இன்ஜினைச் செய்கிறபோதே அதன் உடம்பில் ஆங்காங்கே சிறு துளைகள் விட்டு, அடைப்பான் போட்டு மூடி வைக்கிறார்கள். பறவை மோதினாலோ, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானாலோ, குறித்த பறப்பு நேரம் முடிந்தாலோ, இன்ஜின் ஆறிய பிறகு அடைப்பானைக் கழற்றிக் குழாயை உள்ளே விடுகிறோம். ஒருவர் கியர்பாக்ஸ் பக்கம் நின்று, பிளேடுகள் பொருத்திய சுழலியை மெதுவாகக் கையால் சுற்றுவார். திரையில் பிளேடுகள் ஒவ்வொன்றாக வரும். முதல் பிளேடு எது என்று குறித்துவைத்து எண்ணிக்கொண்டே வர வேண்டும். எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து. குழாய் பிளேடுகளுக்கு நடுவே இருக்கும்போது சுற்றுகிறவர் அவசரப்பட்டால் குழாயின் நுனி நசுங்கிவிடும். துண்டு உள்ளே விழுந்தால், பார்க்கப் போன நாமே பழுதை வைத்துவிட்டு வந்த கதைதான்.

விரிசல், பள்ளம், ஓரம் எரிந்து கரைந்தது, மேற்பூச்சு உரிந்தது என்று தேடுகிறோம். கண்டுபிடிப்பதோடு முடிவதில்லை, அளக்கவும் வேண்டும். விரிசல் எத்தனை மில்லிமீட்டர், எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பராமரிப்புக் கையேட்டின் வரம்போடு ஒப்பிட்ட பிறகுதான் பறக்கலாமா, இத்தனை மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டுமா, இன்ஜினையே இறக்க வேண்டுமா என்பது தெரியும். கரிப்படிவின் நிழல் விரிசல் போலவே தெரியும். வெளிச்சக் கோணத்தை மாற்றிப் பார்த்தால் நிழல் நகரும், விரிசல் நகராது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பழக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஓசூரில் பேளகொண்டப்பள்ளி விமான ஓடுதளம் பக்கம் போனால் விமான வேலை. சிப்காட் பக்கம் வந்தால் அதே கருவிக்கு வேறு வேலை. வார்ப்பில் வந்த சிலிண்டர் ஹெட்டுக்குள் எண்ணெய் போகும் வழியில் மணல் ஒட்டியிருக்கிறதா, இரண்டு துளைகள் குறுக்கே சந்திக்கும் இடத்தில் பிசிறு நிற்கிறதா, உலோகச் சுருள் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. விமானத்தில் ஓர் இன்ஜினுக்கு அரை நாள் கூட ஆகும். இங்கே ஷிப்ட் முடிவதற்குள் பெட்டி பெட்டியாகப் பார்க்க வேண்டும். கழுத்து வலி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தொலைநோக்கி, நுண்ணோக்கி என்று ‘நோக்கி’ ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. அதனால் ‘துளைநோக்கி’ எளிதாக வரும். ஆழ்துளைக் கிணறு பழகிப்போன காதுக்கு உடனே புரியும். ஆனால் துளை என்றால் ஒரு தகட்டில் போட்ட ஓட்டையும் துளைதான். நாங்கள் பார்ப்பது ஓட்டையை இல்லை, ஓட்டைக்கு அப்பால் நீண்டு போகும் உட்கூட்டை. அதற்குத் தமிழில் ‘புழை’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. யானையின் துதிக்கைக்கு ‘புழைக்கை’ என்று பழைய பெயர், உள்ளே கூடாக இருக்கும் கை என்பதால். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் யானை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் மறந்துபோனது வருத்தம்தான். பொருளுக்கு மிகப் பொருத்தம் ‘புழைநோக்கி’. ஆனால் ழகரத்தோடு அதைத் தொழிற்கூடச் சத்தத்தில் கத்திச் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு சொல் என்னை விடாமல் துரத்துகிறது. ‘துர’ என்றால் குடைவது. துரப்பணம், ‘தோட்டம் துரவு’ என்பதில் வரும் துரவு என்னும் கிணறு எல்லாம் அதோடு சேர்ந்தவை. ‘துருவு’ என்ற வினையைப் பாருங்கள். குடைவதும் அதுதான், நுணுகித் தேடுவதும் அதுதான். ஆங்கிலமும் கிரேக்கமும் சேர்ந்து சொன்னதை ‘துருவிப் பார்ப்பது’ என்று தமிழ் ஒரே வினையில் வைத்திருக்கிறது. ஆனால் கருவிக்கு ‘துருவி’ என்று பெயர் வைத்தால் வீட்டில் தேங்காயை எடுத்து நீட்டுவார்கள். ‘துருவுநோக்கி’ என்றால் துருவ நட்சத்திரம் பார்க்கும் கருவி என்று நினைத்துக்கொள்வார்கள். எனவே கருவிக்குத் துளைநோக்கி, செய்கிற வேலைக்குத் துருவிப் பார்த்தல் என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்ஸ்பெக்டருக்கு ‘ஆய்வாளர்’ என்பார்கள். ஊரில் அப்படிச் சொன்னால் காவல் நிலையம் நினைவுக்கு வந்துவிடும், வணக்கம் கூடுதலாகக் கிடைக்கும். எழுத்தில் ‘துளைநோக்கி ஆய்வாளர்’ என்று எழுதலாம், குழப்பம் இல்லை. பேச்சில் ‘ஸ்கோப் போடுற ஆள்’. அதுவே போதும்.

போன கோடையில் பெரியப்பாவின் போரில் தண்ணீர் கலங்கி வந்தது. கம்பி வடத்தில் கேமரா கட்டி இறக்கும் ஆளைக் கூட்டி வந்திருந்தார். நானும் போய்த் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரத்தில் அடிக்கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 62 அடியில், கேசிங் பைப் பாறையைத் தொடுகிற இடத்தில் ஒரு கருங்கோடு. விரிசலா நிழலா என்று தெரியவில்லை. “அண்ணா, கொஞ்சம் திருப்புங்க” என்றேன். வெளிச்சம் நகர்ந்தது, கோடு நகரவில்லை. அதன் வழியாகச் செம்மண் கசிந்துகொண்டிருந்தது. பெரியப்பா திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “அன்னிக்கே சொன்னேனே, போர் வேலைன்னு.”