கருஞ்சீரகமா, காட்டுச்சீரகமா? பெயரை மட்டும் நம்பி மருந்து சாப்பிடாதீர்கள்

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா என் சித்த மருத்துவமனைக்கு வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அதில் பாதிக்குப் பழுப்பு நிறப் பொடி.

"டாக்டரம்மா, ஒரு வருஷமா இதத்தான் சாப்பிடுறேன். போன மாசம் வரைக்கும் ஒண்ணும் செய்யல. இந்த மாசம் வாயில வச்சாலே கசப்பு தாங்க முடியல, குமட்டிக்கிட்டு வருது. பொடி பழசாயிடுச்சோ?"

நீங்களும் அந்தப் பொடியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெந்தயம் 250 கிராம், ஓமம் 100 கிராம், கருஞ்சீரகம் 50 கிராம். தனித்தனியாக வறுத்துப் பொடித்து, இரவு வெந்நீரில் ஒரு ஸ்பூன். சர்க்கரை குறையும், மூட்டு வலி போகும், கழிவெல்லாம் வெளியேறும் என்று வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றும் குறிப்பு.

பொடியை மோந்து பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வெந்தய வாசனை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். அரைக்காத விதை மீதி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. இந்த முறை சாமானை எல்லாம் பூனேயில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பியிருந்தாள். மறுநாள் அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். என் அலமாரியிலிருந்த கருஞ்சீரகத்தையும் அவர் கொண்டுவந்த விதையையும் ஒரு வெள்ளைத் தாளில் பக்கம் பக்கமாகக் கொட்டினேன். எங்கள் கருஞ்சீரகம் மை போல் கறுப்பு, மூன்று பக்கமும் கோணலான சின்ன விதை, நசுக்கினால் ஓமத்தையும் மிளகையும் நினைவுபடுத்தும் வாசனை. அவருடையது நீளமாக, பழுப்பும் கறுப்புமாக, மேலே வரிவரியாகக் கோடு ஓடியிருந்தது. ஒன்றை மென்று பார்த்தேன். நாக்கு சுருண்டுகொண்டது.

அது காட்டுச்சீரகம். பொட்டலத்தின் மேல் இந்தியில் 'காலி ஜீரி' என்று எழுதியிருந்தது.

மகள் தவறேதும் செய்யவில்லை. வடக்கே சுற்றும் அதே குறிப்பில் மூன்றாவது சரக்கு 'காலி ஜீரி'தான். நம் காட்டுச்சீரகம். வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கும் கடும் கசப்பான சரக்கு, சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. இந்தியில் 'காலா ஜீரா' என்று இன்னொன்று உண்டு. அது பிரியாணியில் போடும் ஷாஜீரா, கேரட் குடும்பம். நம் கருஞ்சீரகத்துக்கு இந்திப் பெயரோ 'கலோஞ்சி'. அதன் தாவரப் பெயர் நைஜெல்லா சட்டைவா, குடும்பம் வேறு. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. ஆனால் 'காலி', 'காலா' இரண்டும் கறுப்பு, 'ஜீரி', 'ஜீரா' இரண்டும் சீரகம் என்று யாரோ சொல்லுக்குச் சொல் மாற்றியதில் அந்தக் குறிப்பு தமிழில் கருஞ்சீரகமாகிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் அந்தப் பொடியைச் சாப்பிடும் பெரும்பாலோர் மூலக் குறிப்பில் இல்லாத ஒரு விதையைச் சாப்பிடுகிறார்கள். 'எனக்குக் குணமாயிற்று' என்று வடக்கே ஒருவர் சொன்ன அனுபவம் நம் பொடிக்குப் பொருந்தாது.

அந்த அம்மா சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறவர். வெந்தயமும் கருஞ்சீரகமுமே சர்க்கரையை இறக்கக்கூடியவை, மாத்திரையோடு சேரும்போது கவனம் வேண்டும். இதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒரே பெயரில் பல பொருள் இருப்பது நம் முன்னோருக்குத் தெரியாத விஷயமில்லை. பழைய சொற்பொருள் நூல்களான திவாகர நிகண்டிலும் சூடாமணி நிகண்டிலும் பதினோராம் தொகுதியே 'ஒருசொல் பல்பொருட் பெயர்த் தொகுதி'தான். மூலிகைக்குப் பெயர் வைத்தவர்கள் கண்ணால் கண்டதையும், மூக்கால் அறிந்ததையும், பயன்பட்ட விதத்தையும் வைத்துப் பெயரிட்டார்கள். சீரகம் போல் சின்ன விதையா, அது ஒரு சீரகம். விஷக்கடிக்குக் கொடுப்பதா, கருடனின் பெயர். தாமரை போல் பரந்து விரிந்து கிடக்கிறதா, அது ஒரு தாமரை. ஊருக்குள் ஒரு வைத்தியர், அவர் காட்டிய செடி, அவரிடம் கற்ற சீடன் என்று இருந்த காலத்தில் இதனால் பெரிய கேடு வரவில்லை. பெயரோடு செடியும் கைமாறியது. இன்று பெயர் மட்டும் கைமாறுகிறது, செடி வேறு எங்கிருந்தோ வருகிறது.

ஆகாயத்தாமரையைப் பாருங்கள். சித்த நூல்கள் சொல்லும் ஆகாயத்தாமரை, தண்ணீரில் மிதக்கும், முட்டைக்கோசு விரிந்தாற்போன்ற, வெல்வெட் இலையுள்ள சிறு செடி. சேம்புக் குடும்பம். செய்தித்தாளில் 'ஏரியை ஆக்கிரமித்த ஆகாயத்தாமரை' என்று வருவது ஊதாப் பூ பூக்கும், காம்பு உப்பிய வெங்காயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மூலத்துக்கு ஆகாயத்தாமரை நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, சாக்கடை கலக்கும் ஏரியிலிருந்து வெங்காயத்தாமரையைப் பறித்து வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரிலிருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி அது. அதனாலேயே கழிவுநீரைச் சுத்தப்படுத்த அதை ஆராய்கிறார்கள்.

கரிசலாங்கண்ணிக் கதை இன்னும் பரவலானது. வெள்ளைப் பூ பூக்கும் கரிசாலையைத் தண்டை நசுக்கியே அடையாளம் காணலாம், சாறு சிறிது நேரத்தில் கறுத்துவிடும். மஞ்சள் கரிசாலை கீரையாகச் சமைக்க உகந்தது. அதன் இலை நீண்டு ஒடுங்கியிருக்கும். ஆனால் பூங்காக்களிலும் சாலை நடுவிலும் வீட்டு முன்புறத்திலும் பளபளப்பான இலையும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பூவுமாகப் படர்ந்து கிடக்கிறதே, அது மஞ்சள் கரிசாலை அல்ல. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த கொடி. உலகின் மிக மோசமான 100 அந்நியப் படர் உயிரினங்கள் பட்டியலில் இடம்பெற்றது. இலையைக் கவனித்தால் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நாற்றுப் பண்ணைகளில்கூட மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி இதைக் கொடுக்கிறார்கள். வாரம் இருமுறை இதைக் கீரையாகக் கடைந்து பிள்ளைக்குக் கொடுத்துவந்த ஒரு தாய் என்னிடம் வந்தார். நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றுமாகவில்லை. ரத்தசோகை மட்டும் அப்படியே இருந்தது, ஆறு மாதம் வீணாகியிருந்தது.

வடநாட்டுப் பொருளை இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'சங்கபுஷ்பி' என்று அங்கே பெரும்பாலும் விற்பது நிலத்தில் படரும் ஒரு சிறு செடி. நம் சங்குப்பூ, அதாவது காக்கட்டான், வேறு. அதன் வேர் பேதியாக்கும். 'பிரமி' என்று கேட்டால் சிலர் நீர்ப்பிரமியைத் தருவார்கள், சிலர் வல்லாரையை. 'சோமராஜி' என்ற வடமொழிப் பெயரோ கார்போகரிசிக்கும் உண்டு, மேலே சொன்ன காட்டுச்சீரகத்துக்கும் உண்டு.

படித்தவர்களும் ஆய்வாளர்களும்கூட இதில் தடுமாறியிருக்கிறார்கள். கல்லீரல் அழற்சி பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க் நம் கீழாநெல்லியில் ஆர்வம் கொண்டார். 1987-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் செடியின் பெயர் பில்லாந்தஸ் நிரூரி. மறு ஆண்டு சென்னையில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தபோது பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். நிரூரி உண்மையில் அமெரிக்கக் கண்டத்துச் செடி. இங்கே அந்தப் பெயரில் வழங்கியது பெரும்பாலும் அமாரஸ்தான். சென்னை ஆய்வில் 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்புப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்ததாகச் சொன்னார்கள். பிற நாடுகளில் திரும்பச் செய்தபோது அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் எந்த இனம், எந்த மண், எந்தப் பருவத்துச் செடி என்ற கேள்வி அந்த விவாதத்தை விட்டு நீங்கவே இல்லை. நம் சந்தைக் கட்டிலோ கீழாநெல்லியோடு மேலாநெல்லியும் சிவப்புத் தண்டுள்ள வகையும் கலந்தே வரும். மஞ்சள் காமாலைக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் கட்டுக்கட்டாகக் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பவர்களை நான் கண்டிப்பது இதனாலும்தான்.

இதுவரை சொன்னவை காலம் வீணாவதையும் வயிறு கெடுவதையும் பற்றியவை. உயிரைக் குடித்த பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. எங்கள் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்கான ஒரு சிகிச்சை நிலையம் 1990-ல் தன் மாத்திரையில் இரண்டு சீன மூலிகைகளைச் சேர்த்தது. அதில் ஒன்று ஸ்டெஃபானியா டெட்ரான்ட்ரா. நம் சீந்தில் கொடியின் குடும்பம். சீனத்தில் அதன் பெயர் 'ஹான் ஃபாங் ஜி'. 1992-ல் இளம்பெண்கள் இருவர் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். இருவரும் அதே நிலையத்தில் மருந்து எடுத்தவர்கள். மருத்துவர்கள் தேடத் தேட அதே போன்ற பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள், கடைசியில் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. மூலிகைப் பொடியைச் சோதித்தபோது ஸ்டெஃபானியாவில் இருக்க வேண்டிய வேதிப்பொருள் இல்லை, சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. வந்து சேர்ந்தது 'குவாங் ஃபாங் ஜி'. அரிஸ்டோலோகியா ஃபாங்சி என்ற வேறு செடியின் வேர். வியாபாரத்தில் இரண்டுக்கும் 'ஃபாங் ஜி' என்றே பெயர். முன்னொட்டு ஒன்று விடுபட்டதில் பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள். அதோடும் முடியவில்லை. செயலிழந்த சிறுநீரகத்தை அகற்றிப் பார்த்த 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்ததை 2000-ல் வெளியிட்டார்கள். 2002-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்தச் செடி வகையைக் கொண்ட மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்தது.

இதை ஏதோ சீன மருத்துவத்தின் பிரச்சினை என்று நாம் ஒதுக்க முடியாது. அரிஸ்டோலோகியா நம் வேலியிலும் படர்கிறது. ஆடுதின்னாப்பாளை அந்த இனம். ஈசுரமூலி, பெருமருந்து, கருடக்கொடி என்றெல்லாம் பெயர் கொண்ட கொடியும் அந்த இனம். இங்கேதான் எனக்குப் பயம். வீட்டு வாசலில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் கிழங்கைத் தெரியும்தானே, ஆகாசகருடன். அது வெள்ளரிக் குடும்பம். 'கருடன் கிழங்கு', 'கருடன் வேர்', 'கருடக்கொடி' என்று கடைப் பேச்சில் பெயர்கள் உரசிக்கொள்ளும்போது, ஆகாசகருடன் கேட்டவருக்கு ஈசுரமூலி வேர் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும்?

ஆடுதின்னாப்பாளை, ஈசுரமூலி இரண்டும் நம் பழைய நூல்களில் இருக்கின்றன, பூச்சிக்கும் கடிக்கும் தோல் நோய்க்கும் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்த நூல்களின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இவற்றை உள்மருந்தாக நான் கொடுப்பதில்லை. சிறுநீரகம் பழுதாவது வலி தெரியாமல் நடப்பது. சாப்பிட்ட மாதம் ஒன்று, தெரியவரும் ஆண்டு வேறு. ஓலைச்சுவடிக் காலத்து வைத்தியர் அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்க வழியில்லை. சிறுநீரகத்தின் நிலையை ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினினைப் பார்க்கத் தெரிந்த நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

என்ன செய்யலாம்? 1753-ல் லின்னேயஸ் செடி ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் சொல் பெயர் வைத்துப் பட்டியலிட்டது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். அந்தப் பெயரைக் கேளுங்கள். உரிமம் பெற்ற சித்த மருந்துகளின் மேலுறையில் சேர்ந்துள்ள சரக்குகளின் தாவரப் பெயரும், வேரா இலையா விதையா என்பதும், அளவும் இருக்க வேண்டும் என்று மருந்து விதிகளின் 161-ஆம் விதி சொல்கிறது. உறையைத் திருப்பிப் படியுங்கள். நாட்டு மருந்துக் கடையில் தளர்வாக வாங்கும்போது பொடியாக வாங்காதீர்கள், முழுச் சரக்காக வாங்குங்கள். பொடியான பின் எனக்கும் தெரியாது. வேறு மொழியிலிருந்து வந்த குறிப்பு என்றால், பெயரை மொழிபெயர்த்தவர் யார், செடியைப் பார்த்தவர்தானா என்று யோசியுங்கள். தோட்டத்துச் செடியில் சந்தேகம் வந்தால் வெறும் இலையைக் கிள்ளிக்கொண்டு வராதீர்கள். பூவும் காயும் வேரும் உள்ள ஒரு முழுக் கொத்தைச் செய்தித்தாளுக்குள் விரித்து வைத்துக் கொண்டுவாருங்கள். அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையிலும் காட்டலாம்.

ஆடுதின்னாப்பாளையோ, ஈசுரமூலியோ, 'கருடன் வேர்' என்று சொல்லித் தந்த எதுவோ நாள்கணக்கில் உள்ளே போயிருந்தால், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். உடனே நிறுத்திவிட்டு, ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பாருங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் சிறுநீரக மருத்துவரிடம் போங்கள். போகும்போது மீதமுள்ள வேரையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.